நடு அறைக்கு எங்கிருந்து வெளிச்சம்?

கேள்வி: எங்களுடையது வரிசை வீடு. 12 அடி அகலம், 40 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நடு அறையில் பகலிலேயே விளக்கு எரிய வேண்டும், மாடிப்படியும் அங்கேதான். அங்கே ஒரு சுவரில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். எல்லா அறைக்கும் வெள்ளை அடித்தால் விசாலமாகத் தெரியும் என்கிறார் கணவர். சரிதானா?
— ஒரு வாசகி

பதில்: முன்னறைக்கும் பின்னறைக்கும் சரி. நடு அறைக்கு வேண்டாம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். விழுவதே இல்லையென்றால் சாம்பல் பூத்து, அறை சோகை பிடித்ததுபோல் இருக்கும். அங்கே இளம் சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ அடியுங்கள். ஆனால் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது கடைசி வேலை.

முதலில் அந்த உப்பிய சுவர். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு அதில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதவில்லை. சுவருக்குள்தான் ஈரம் என்றால், அதற்கு அந்தப் பக்கம் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா என்று அடுத்த வீட்டில் விசாரியுங்கள். பெயிண்டருக்கு முன் அவர்களிடம் பேச வேண்டிய விஷயம் இது. கசிவை நிறுத்தாமல் எந்தப் பூச்சு பூசினாலும் உப்பு பூத்து அதைத் தள்ளிவிடும். பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகச் சிமென்ட் பூசினால், பெயிண்ட் அடிக்க சுமார் 28 நாள் பொறுக்க வேண்டும். ஒரு வாரம் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு மாடிப்படியை நிமிர்ந்து பாருங்கள். படி மொட்டை மாடியில் முடியும் இடத்தில் ஒரு ஹெட்ரூம் இருக்குமே, அதன் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டாமல் வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தால் வெளிச்சம் படிவழியே நடு அறைக்கு இறங்கும். கூடவே லூவரும் (சாய்ந்த பட்டிகள் உள்ள காற்றுத் திறப்பு) வைத்தால் மேலே ஏறும் சூடான காற்று வெளியேறி, முன்னும் பின்னும் உள்ள ஜன்னல்களிலிருந்து காற்றை இழுக்கும். கூரைத் தளத்தையே வெட்டிக் கண்ணாடி பதிக்கலாம் என்று யாராவது சொன்னால், பொறியாளர் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே தளத்தைத் தாங்கும் இரும்புக் கம்பி ஓடுகிறது.

அப்புறம் கதவுகள். 3 அடிக் கதவு ஒன்று திறந்து மூட 7 சதுர அடித் தரையைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் கதவு தேவையா என்று வீட்டில் பேசுங்கள். தேவையென்றால் கண்ணாடி பதித்த நகரும் கதவு. அது நகரும் பக்கத்துச் சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கக் கூடாது. கதவு மாட்டிய பிறகுதான் பலருக்கு இது உறைக்கிறது.

அலமாரிகளை நீளச் சுவர் ஒன்றில் மட்டும், கூரைவரை வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் நடப்பதற்கு ஒரு சந்துதான் மிஞ்சும். விளக்கையும் கூரை நடுவில் ஒன்றே ஒன்றாக மாட்டாமல், இரண்டு நீளச் சுவர்களிலும் ஒளி படிகிற மாதிரி பிரித்து மாட்டுங்கள். இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பு சந்தன நிறத்தோடு ஒத்துப்போகும்.

தரை நன்றாக இருந்தால் தொடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று அறைக்கும் ஒரே டைல் போடுங்கள்.