91 வாங்கியும் ஏ1 இல்லையா?

கேள்வி: என் மூத்த மகள் 2015-இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடித்தபோது, 91-ஐத் தொட்டாலே ஏ1 என்றார்கள். இப்போது மகன் தமிழில் 91 எடுத்தும் ஏ2 வந்திருக்கிறது. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாமா? அவனை மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் சேர்க்க எண்ணியுள்ளோம். இந்த கிரேடு தடையாகுமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: கூட்டலில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை, மாறியிருப்பது கிரேடு போடும் முறைதான். உங்கள் மகள் படித்த காலத்தில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று வரம்பு நிலையாக இருந்தது. சான்றிதழில் மதிப்பெண்ணே இராது. 2018-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானபோது மதிப்பெண் திரும்பி வந்தது. கிரேடு மற்ற மாணவர்களைப் பொறுத்ததாகிவிட்டது. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்ற அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, எட்டில் ஒரு பங்கு வீதம் பிரித்து, முதல் பங்கினருக்கு ஏ1, அடுத்த பங்கினருக்கு ஏ2 என்று டி2 வரை வழங்குகிறார்கள். எட்டாயிரம் பேர் தேறினால் ஏறத்தாழ முதல் ஆயிரம் பேருக்குத்தான் ஏ1. எல்லைக்கோட்டில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களைப் பிரிப்பதில்லை என்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடலாம். பலரும் தாராளமாக மதிப்பெண் அள்ளும் பாடத்தில் 91-க்கு ஏ2 கிடைப்பதும், வினாத்தாள் கடினமாக அமைந்த பாடத்தில் அதைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஏ1 கிடைப்பதும் இதனால்தான். எத்தனை ஏ1 என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுபவர்கள் இதை விளக்குவதில்லை.

விடைத்தாள் திருத்தத்தில் உண்மையான ஐயம் இருந்தால் மட்டுமே விண்ணப்பியுங்கள். கிரேடுக்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

பிளஸ் ஒன் சேர்க்கையில் பள்ளிகள் பொதுவாகப் பார்ப்பது மதிப்பெண்ணைத்தான். 2017-18 கல்வியாண்டில் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டதால், மகன் நேரே பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதினால் போதும். அதன்பின் பொறியியல் கலந்தாய்வுக்குச் செல்வதானால், பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். பத்தாம் வகுப்புத் தமிழின் ஏ2 அந்தக் கணக்கில் வராது.