வாசகர் கேள்வி: சுத்தியல் தடம் பதிந்த வெள்ளிக் கரண்டி

கேள்வி: பழைய எஸ்டேட் பங்களா சாமான்களோடு வாங்கிய கரண்டியின் பின்புறம் ‘ஸ்டெர்லிங்’, ‘காலோ’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. மெருகு போடலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: அவசரப்பட வேண்டாம். ‘ஸ்டெர்லிங்’ என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. காலோ, 1900-இல் கிளாரா பார்க் வெல்ஸ் சிகாகோவில் தொடங்கி 1970 வரை நடந்த பட்டறை. இயந்திர உற்பத்திக்கு மாற்றாகக் கைவேலையைப் போற்றிய இயக்கத்தின் பிள்ளை. முத்திரையை மட்டும் நம்பாமல், கரண்டியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கையால் அடித்ததென்றால் சுத்தியல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சற்றே ஒழுங்கு தவறித் தெரியும், அச்சில் அழுத்தியதில் ஒரே தடம் திரும்பத் திரும்ப வரும். நம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வெள்ளியின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பழக்கதோஷத்தில் மெருகுச் சக்கரத்தில் பிடித்துவிட்டால் அந்தத் தடங்கள் மழுங்கி, எடைக்கான விலைதான் மிஞ்சும். மென்துணியால் துடைத்தாலே போதும்.