பி53 புரதத்தில் உள்ள துத்தநாகம் டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை என்றால், அதை நீக்கியதும் புரதம் ஏன் செயலிழக்கிறது?

துத்தநாகம் டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை என்பது சரி. டி.என்.ஏ.யைத் தொடும் பகுதியை அதற்குரிய இடத்தில் நிறுத்தி வைப்பதே அதன் வேலை. கேட்டவர் பாளையங்கோட்டையில் உயிர்வேதியியல் முதுகலை படிப்பதாகவும், வகுப்பில் சொன்ன காரணம் விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நானும் தாமிரபரணிக் கரையில் இதே பாடத்தை நடத்துகிறவன். இந்த ஐயம் எங்கள் மாணவர்களிடமும் தவறாமல் எழுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பி53, மனித உயிரணுவின் டி.என்.ஏ. சேதமுறும்போது உயிரணுப் பிரிதலை நிறுத்தவோ உயிரணுவையே மடியச் செய்யவோ வேண்டிய மரபணுக்களை இயக்கும் ஒழுங்குமுறைப் புரதம். 393 அமினோ அமிலங்கள் கொண்ட இச்சங்கிலியில் ஏறத்தாழ 94 முதல் 292 வரையிலான நடுப்பகுதிதான் டி.என்.ஏ.யோடு பிணைகிறது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நிக்கோலா பாவ்லெட்டிச்சின் குழு 1994-இல் அந்தப் பகுதியை டி.என்.ஏ.யோடு சேர்த்தே படிகமாக்கி, 2.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அதன் அமைப்பை வெளியிட்டது. இதே பாவ்லெட்டிச் 1991-இல், மாணவராக இருந்தபோது, கார்ல் பாபோவுடன் சேர்ந்து சிஃப்268 என்னும் புரதத்தின் துத்தநாக விரல்கள் (துத்தநாகத்தைச் சுற்றி மடிந்த சிறு பகுதிகள்) டி.என்.ஏ.யைப் பற்றியிருக்கும் அமைப்பைக் கண்டவர். பாடநூல்களில் நாம் காணும் ‘விரல்’ படம் பெரும்பாலும் அதுதான்; பி53-ஐயும் அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து.

சிஃப்268-இல் ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்களுக்கு ஒரு துத்தநாகம் என்ற கணக்கில் மூன்று விரல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் சுருளும், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளில் ஓடும் இரு பள்ளங்களில் அகன்றதான பெரும்பள்ளத்தில் இறங்குகிறது. அங்கேயும் துத்தநாகம் டி.என்.ஏ.யைத் தொடுவதில்லை. பி53-இல் அப்படிப்பட்ட விரல் எதுவும் கிடையாது. பீட்டா இழைகள் எனப்படும் நீண்ட சங்கிலித் துண்டுகளாலான இரண்டு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஒரு சட்டகம் இருக்கிறது. அந்தச் சட்டகத்தின் ஒரு முனையிலிருந்து, நிலையான வடிவம் தமக்கென அதிகம் இல்லாத நீண்ட வளையங்கள் வெளியே நீள்கின்றன. அவற்றுள் எல்2, எல்3 என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு துத்தநாக அயனி. எல்2-இலிருந்து சிஸ்டீன் 176, ஹிஸ்டிடீன் 179 (பெயர் அமினோ அமிலத்தையும் எண் சங்கிலியில் அதன் இடத்தையும் குறிக்கும்) ஆகியவையும், எல்3-இலிருந்து சிஸ்டீன் 238, சிஸ்டீன் 242 ஆகியவையும் அந்த அயனியை நான்முகியின் நான்கு முனைகளாகச் சூழ்ந்திருக்கின்றன. சங்கிலியில் அறுபது இடங்கள் தள்ளி இருப்பவை, மடிந்த பிறகு ஓர் அணுவைச் சுற்றி அருகருகே வந்துவிடுகின்றன.

எல்3 வளையத்தில்தான் ஆர்ஜினின் 248 இருக்கிறது, அது டி.என்.ஏ.யின் சிறுபள்ளத்துக்குள் நுழைகிறது. ஆக, துத்தநாகம் எல்3-ஐ எல்2-ஓடு கட்டி வைக்க, எல்3 தன் ஆர்ஜினினைச் சரியான கோணத்தில் நீட்டுகிறது. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் இரண்டு மூங்கில்கள் கூடும் இடத்தில் போடும் கயிற்றுக்கட்டை நினைத்துக்கொள்ளலாம்: கீற்றைத் தாங்குவது மூங்கில்தான், ஆனால் கட்டு அவிழ்ந்தால் மூங்கில் தன் இடத்தில் நிற்காது.

சோதனைகளும் இதையே காட்டுகின்றன. துத்தநாகத்தை நீக்கிய பி53 நடுப்பகுதி முற்றிலும் குலைந்துபோவதில்லை. சட்டகம் பெருமளவு மடிந்தே நிற்கிறது. ஆனால் நிலைத்தன்மை குறைகிறது, தனக்குரிய டி.என்.ஏ. வரிசையைத் தேர்ந்து பிணையும் திறன் போய்விடுகிறது. எனவே ‘செயலிழக்கிறது’ என்று உங்கள் வகுப்பில் சொன்னதை, ‘தேர்ந்தெடுக்கும் திறனை இழக்கிறது’ என்று எழுதினால் கூடுதல் துல்லியமாக இருக்கும். இந்தப் பகுதி இயல்பிலேயே உறுதி குறைந்தது, 40 பாகை செல்சியஸைச் சற்றே கடந்ததும் குலையத் தொடங்குவது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (இதைச் சொன்னால் வகுப்பில் யாராவது நம் ஊர் அக்னி நட்சத்திரத்தை நினைத்துக்கொள்வார்கள், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உடலுக்குள் 37 பாகைதான்.)

இரும்போ செம்போ இல்லாமல் துத்தநாகம் ஏன் என்றால், அதன் டி உறைமண்டலம் பத்து எலக்ட்ரான்களால் நிறைந்தது. உயிரணுவுக்குள் அது ஆக்சிஜனேற்ற, ஒடுக்க வினைகளில் ஈடுபடுவதில்லை. டி.என்.ஏ.க்கு அருகில் அமர வேண்டிய உலோகத்துக்கு இது பெரிய தகுதி.

புற்றுநோயில் காணப்படும் பி53 திரிபுகளை (அமினோ அமில மாற்றங்களை) விளக்கத் தொடங்கும்போது இந்த அமைப்பின் பயன் தெளிவாகிறது. அடிக்கடி பழுதாகும் இடங்களில் 175, 248, 273 மூன்றையும் எடுத்துக்கொள்வோம், மூன்றும் ஆர்ஜினின். 273 டி.என்.ஏ.யின் பாஸ்பேட் முதுகெலும்பைத் தொடுவது; அது ஹிஸ்டிடீனாக மாறினால் புரதம் ஏறக்குறைய முழு உறுதியோடு மடிந்தே இருக்கும், பிடி மட்டும் போய்விடும். 248-உம் தொடும் இடமே. 175 டி.என்.ஏ.யைத் தொடுவதே இல்லை. துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டீன் 176-க்கு அடுத்த இடத்தில் இருந்து, எல்2, எல்3 வளையங்களை இணைத்து வைக்கும் பிணைப்புகளில் பங்கு கொள்கிறது. அங்கே ஹிஸ்டிடீன் வந்தால் துத்தநாகப் பிடிப்பு தளர்ந்து அந்த முனை முழுவதும் நிலைகுலைகிறது. தேர்வில் ‘தொடர்புத் திரிபு, அமைப்புத் திரிபு – வேறுபடுத்துக’ என்று வந்தால் முன்னதற்கு 273-ஐயும் பின்னதற்கு 175-ஐயும் எழுதுங்கள். வேறு எடுத்துக்காட்டு தேவைப்படாது.

அப்படியானால் துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் பழுதான பி53 சரியாகிவிடுமா என்று அடுத்த கேள்வி வரும். ஆகாது. உயிரணு தன்னுள் கட்டற்ற துத்தநாகத்தை மிகக் குறைந்த அளவிலேயே விட்டுவைக்கிறது. மேலும், அரைகுறையாக மடிந்த சங்கிலியில் மிகுதியான துத்தநாகம் தவறான சிஸ்டீன்களைப் பற்றிக்கொண்டு மடிப்பையே கெடுக்கும் என்பது சோதனைக்குழாயில் தெரிந்த உண்மை. 175-ஆம் இடத் திரிபுள்ள உயிரணுக்களுக்குள் துத்தநாகத்தை அளவோடு கொண்டுசேர்க்கும் சேர்மங்களைப் பற்றிய ஆய்வு நடக்கிறது. அதற்கும் மருந்துக்கடை மாத்திரைக்கும் தொடர்பில்லை.

படத்தை நீங்களே பார்ப்பது நல்லது. புரதத் தரவு வங்கியில் 1டியுபி (1TUP) என்ற குறியீட்டில் 1994-ஆம் ஆண்டின் அமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் படிகத்தில் பி53 மூலக்கூறுகள் மூன்று இருக்கின்றன. அவற்றுள் பி சங்கிலி மட்டுமே டி.என்.ஏ.யின் உரிய வரிசையில் முறையாகப் பிணைந்திருப்பது. மற்றவற்றை மறைத்துவிட்டு, துத்தநாகத்தை உருண்டையாகவும் 175, 248, 273 மூன்றையும் குச்சிகளாகவும் காட்டச் சொல்லி, துத்தநாகத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ.க்கும் உள்ள தொலைவை அளந்து பாருங்கள்.