அம்மாவின் தண்டுவடத்தில் கட்டி: தீபாவளி வரை தள்ளிப்போடலாமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அம்மாவுக்கு 61 வயது. ஆறு மாதமாக முதுகுவலி, படுத்தால் அதிகம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது செருப்பு கழன்றாலும் அவருக்குத் தெரிவதில்லை. எம்ஆர்ஐயில் டி8 (நடுமுதுகின் எட்டாவது எலும்பு) அருகே கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்தால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்கிறார்கள் உறவினர்கள். தீபாவளி முடிந்து செய்யலாமா?

தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா எப்படி நடப்பார் என்பது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் எப்படி நடந்தார் என்பதைப் பொறுத்தது. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் தண்டுவடம் ஏற்கெனவே திணறுகிறது. நடுமுதுகில் அதற்கு இடமும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். எலும்பை அரிக்கும் கட்டியே ஆனாலும், மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் அதில் தெரியும். படுக்கும்போது கூடும் வலிக்கு எக்ஸ்ரேயோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

எம்ஆர்ஐ அறிக்கையில் ஒரு சொல்லைத் தேடுங்கள். ‘இன்ட்ராடூரல் எக்ஸ்ட்ராமெடுலரி’ என்றிருந்தால் கட்டி தண்டுவடத்தை மூடிய உறைக்குள்ளே, ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே இருக்கிறது. இந்த வயதுப் பெண்களுக்கு நடுமுதுகில் இப்படி வருவது பெரும்பாலும் மெனிஞ்சியோமா, அதாவது உறையிலிருந்து வளரும் கட்டி. அநேகமாகப் புற்றுநோய் அல்ல, முழுதாக எடுக்க முடியும். ‘எக்ஸ்ட்ராடூரல்’ என்றால் கட்டி உறைக்கு வெளியே இருக்கிறது, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘இன்ட்ராமெடுலரி’ என்றால் கட்டி தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கிறது, ஆபத்து கூடுதல். மருந்து ஏற்றி எடுத்த எம்ஆர்ஐதானா என்றும் கேளுங்கள். அதற்கு முன் சிறுநீரக ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

ஆபரேஷனில் முதல் சவால் எண்ணிக்கை. எட்டாவது எலும்பு எது என்று வெளியே அடையாளம் இருக்காது. மேசையிலேயே எக்ஸ்ரே எடுத்து எண்ணுவார்கள். தவறினால் வேறு எலும்பைத் திறந்துவிடுவார்கள். பின்பக்க எலும்பை எடுத்து, மைக்ரோஸ்கோப் வழியே உறையைத் திறப்பார்கள். கட்டியை முழுசாக இழுத்தால் தண்டுவடமும் சேர்ந்து அசையும். அதனால் அல்ட்ராசோனிக் கருவியால் உள்ளே குடைந்து உறிஞ்சி, சுருங்கிய கட்டியின் வெளிப்பகுதியை மெல்லப் பிரிப்பார்கள். கால் நரம்புகளின் சமிக்ஞையை ஆபரேஷன் முழுக்கக் கண்காணிக்கும் வசதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கடைசியில் உறையை நீர் கசியாமல் தைப்பார்கள்.

தையல் கசிந்தால் கட்டு தெளிந்த நீரில் நனையும். உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறையும். உடனே சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் கால் புதிதாகத் தளர்ந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்; நர்ஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும். நீங்களாக அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அல்லது நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அரசாங்க மருத்துவமனையில் பார்ப்பதானால், கோலாலம்பூர் மருத்துவமனை வளாகத்திலேயே துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் கழகம் இருக்கிறது. எம்ஆர்ஐ சிடியையும் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.

அதுவரை முதுகை நீவிவிட வேண்டாம். மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சுட்டுவிட்டாலும் அவருக்குத் தெரியாது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கால் சட்டென்று தளர்ந்தாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.