புள்ளியும் பிள்ளையும்: வாசகர் கேள்வி–பதில்

மழைக்காலம் நெருங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடும். பேரிடரில் குழந்தைகளுக்கான உதவியைத் திட்டமிட வரைபடமும் தரவும் எப்படிப் பயன்படும் என்று கேட்டுக் கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்தவற்றில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டோம்.

செயற்கைக்கோள் படத்தை வைத்து வெள்ள வரைபடம் போட்டோம். காட்டுமன்னார்கோவில் பக்கம் பாதிக்கு மேல் மூழ்கியதாகக் காட்டுகிறது. ஊரில் கேட்டால் வாய்க்கால்கூட வழியவில்லை என்கிறார்கள். கடலூர் நகருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற தெருக்களோ காய்ந்து கிடப்பதாகக் காட்டுகிறது. எங்கே தவறினோம்?
— தன்னார்வலர், சிதம்பரம்

நீங்கள் எடுத்தது, மேகத்தை ஊடுருவும் அலையை அனுப்பி எதிரொலியைப் பதியும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படமாகத்தான் இருக்கும். புயல் நாளில் அதுதான் சரியான தேர்வு. சென்டினல்-2 போன்றவை ஒளியில் எடுக்கும் சாதாரணப் படங்களில் மேகம் மட்டுமே தெரியும். ஆனால் ரேடார் தண்ணீரைப் பார்ப்பதில்லை, வழவழப்பைப் பார்க்கிறது. அனுப்பிய அலை சமமான பரப்பில் பட்டுச் சறுக்கி வேறு பக்கம் போய்விடும். திரும்பி வராததால் அந்த இடம் கறுப்பாகப் பதியும்.

ஐப்பசி, கார்த்திகையில் காட்டுமன்னார்கோவில், குமராட்சிப் பக்கம் சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் கட்டி நிற்கும். ரேடாருக்கு அதுவும் வெள்ளமும் ஒன்றே. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைகளும் அப்படியே. நகரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. தெருவில் நிற்கும் நீரில் பட்ட அலை வீட்டுச் சுவரில் மோதி நேராகத் திரும்பிவிடுவதால் அந்த இடம் முன்பைவிடப் பளிச்சென்று தெரியும். கறுப்பை மட்டும் தேடினால் நகரம் தப்பிவிடும். போதாததற்குக் காற்று பலமாக அடிக்கும்போது நீர்ப்பரப்பில் அலை எழும்பி வழவழப்பும் போய்விடும்.

திருத்தும் வழி: வெள்ளத்துக்கு முந்தைய படம் ஒன்றை அதே பருவத்திலிருந்து எடுங்கள், கோடையிலிருந்து வேண்டாம். செயற்கைக்கோள் அதே பாதையில், அதே திசையில் போனபோது எடுத்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டிலும் ரேடார் படத்துக்கே உரிய பொடிப்புள்ளி இரைச்சலை வடிகட்டிவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். திரும்பி வந்த அலையின் வலிமை சுமார் 3 டெசிபெலுக்கு மேல் குறைந்த இடங்களிலிருந்து தொடங்கி, தெரிந்த பத்துப் பதினைந்து இடங்களில் சரிபார்த்து அந்த எல்லையை நகர்த்துங்கள். வீராணம், பெருமாள் ஏரி, பிச்சாவரத்துக் கழிமுகம் போன்ற நிரந்தர நீரைத் தனியே நீக்குங்கள். நகர்ப்பகுதியைப் படத்திலிருந்து முடிவு செய்யாமல் சாம்பல் நிறமிட்டு, ‘நேரில் விசாரிக்க’ என்று எழுதிவிடுவதே நேர்மை.

படம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலூர்க் கரையோர ஊர்களைத் தென்பெண்ணை சூழ்ந்தது அதற்குப் பின்னர். மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்த மழையும் சாத்தனூர் அணை நீரும் வந்து சேர்ந்தபோது. புயல் கடந்த மறுநாள் படத்தை மட்டும் நம்பியவருக்கு அந்த வெள்ளம் தெரிந்திருக்காது.

மூழ்கிய பகுதியில் எத்தனை குழந்தைகள் என்று ஒரு எண் கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பு, அங்கன்வாடிப் பதிவேடு, இணையத்தில் கிடைக்கும் மக்கள்தொகைக் கட்டங்கள் ஆகிய மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. எதை எடுப்பது?
— தரவுப் பணியாளர், கடலூர் முதுநகர்

முதலில் மூன்றும் ஒரே வயதைப் பேசுகின்றனவா என்று பாருங்கள். கணக்கெடுப்பின் ‘0–6’ என்பதில் ஆறு வயது நிறைந்தவர்களும் உண்டு. ஆக ஏழு ஆண்டுப் பிள்ளைகள். அங்கன்வாடியின் ‘6 மாதம் முதல் 6 வயது வரை’ என்பது ஐந்தரை ஆண்டு. ஐந்து வயதுக்குட்பட்டோர் என்றால் ஐந்தே ஆண்டு. கணக்கெடுப்பின்படி 700 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அங்கன்வாடி வயதினர் சுமார் 550, ஐந்துக்குட்பட்டோர் சுமார் 500. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது காலம். 2011-இல் 0–6 வயதில் இருந்த ஒருவர்கூட இன்று அந்த வயதில் இல்லை. பெரியவர்களின் எண்ணிக்கைக்குப் பழைய கணக்கு ஓரளவு தாங்கும், குழந்தைகளுக்குத் தாங்காது. அதை ஊர்களுக்கிடையே விகிதம் பிரிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தத்தை அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்தும் பிறப்புப் பதிவிலிருந்தும் எடுங்கள்.

நிலத்தை 100 மீட்டர் சதுரங்களாக்கி ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று மதிப்பிடும் வேர்ல்ட்பாப் போன்ற கட்டங்களும் பெரும்பாலும் அதே பழைய கணக்கைக் கட்டடங்கள், சாலைகள், இரவு விளக்குகளைப் பார்த்துப் பங்கு போட்டவைதான். நம் கடற்கரையில் அவற்றுக்குத் தனிச் சிக்கல் உண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற குப்பங்கள் கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் நெருங்கியிருக்கின்றன. கட்டத்தின் கடற்கரைக் கோடு நூறு மீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் ஒரு தெருவே கடலில் விழுந்து கணக்கிலிருந்து காணாமல் போகும். ஊர் எல்லைக்குள் கட்டங்களைக் கூட்டி, தெரிந்த மக்கள்தொகையோடு ஒரு முறை ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடைசியில் ஒற்றை எண் கொடுக்காதீர்கள். ‘400 முதல் 520 வரை’ என்று சொல்லுங்கள். அதையும் மூன்றாகப் பிரியுங்கள்: 6 மாதத்துக்குட்பட்டோர், 6–23 மாதம், 24–59 மாதம். முதல் பிரிவுக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. அங்கே உங்கள் பொருள் பட்டியல் தாய்க்கானது, பால்பவுடர் டின் அல்ல. வயிற்றுப்போக்குக்குத் தரும் துத்தநாக மாத்திரையும் 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 2 மாதம் வரை நாளுக்கு 10 மில்லிகிராம், இரண்டுக்கும் 14 நாள். ‘0–6 வயது: 460’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மருந்துக் கிடங்கில் எதையும் எடுத்துக் கட்ட முடியாது.

கைபேசியில் எடுத்த இடப்புள்ளிகளை வரைபடத்தில் போட்டால் சில ஆர்க்டிக் பக்கம் போய் விழுகின்றன. சில ஸ்ரீமுஷ்ணத்துக்கு அருகே நிற்கின்றன. எல்லாம் கடலூர் நகர அங்கன்வாடிகள்.
— களப்பணியாளர், திருப்பாதிரிப்புலியூர்

ஆர்க்டிக் போனவற்றில் அகலாங்கும் (வடக்கு–தெற்கு அளவு) நெட்டாங்கும் (கிழக்கு–மேற்கு அளவு) இடம் மாறியுள்ளன. கடலூர் 11.75 வடக்கு, 79.75 கிழக்கு, திருப்பிப் போட்டால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகள். ஸ்ரீமுஷ்ணம் போனவற்றில் பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலையை (நொடி) தசமமாக எண்ணிவிட்டார்கள். 11°44′55″ என்பதை 11.4455 என்று தட்டினால் 33 கிலோமீட்டர் தெற்கே போகும். சரியான மதிப்பு 11.7486. கலையை 60-ஆலும் விகலையை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். படிவத்திலேயே அகலாங்கு 11 முதல் 12.2 வரை, நெட்டாங்கு 78.8 முதல் 80 வரை என்று வரம்பு வைத்துவிட்டால் முதல் வகைத் தவறு உள்ளேயே வராது. இரண்டாவது வகை வரம்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். புள்ளி விழுந்த ஒன்றியமும் படிவத்தில் எழுதிய ஒன்றியமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுத்தான் பிடிக்க முடியும்.

தூரமோ பரப்போ அளக்கும் முன், பாகையில் இல்லாமல் மீட்டரில் கணக்கிடும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு (மென்பொருளில் இதன் குறியீடு இபிஎஸ்ஜி 32644) மாற்றிக்கொள்ளுங்கள்.

பாகூர் கொம்யூனில் வேலை செய்கிறோம். குழந்தைகளுக்கு அருகிலுள்ள மருத்துவ நிலையத்தைக் கணினியில் தேடினால் உண்மையில் யாரும் போகாத இடத்தைக் காட்டுகிறது.
— சமூகப் பணியாளர், புதுச்சேரி

உங்கள் தரவில் மாநில எல்லை சுவராக நிற்கிறது. புதுச்சேரிப் பகுதியும் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்தது புதுச்சேரி என்று இருக்கும். இரண்டு அரசுகளின் பட்டியல்களையும் சேர்த்து ஒரே அடுக்காக்காமல் ‘அருகில்’ எது என்று கேட்டால் தவறான விடைதான் வரும். கணக்கெடுப்பில் மாநில எண் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அந்த மாநில எண்ணைச் சேர்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து இணைத்தால் புதுக்குப்பங்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். புதுச்சேரி முழுவதுக்கும் ஒரு மையப்புள்ளி எடுத்தாலோ கேட்கவே வேண்டாம்: மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில்.

இன்னொன்று, நேர்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். நடுவே ஆறு இருந்தால் 800 மீட்டர் என்பது நடையில் 5 கிலோமீட்டராகும். இலவசமாகக் கிடைக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் சாலைகளை வைத்து வழித்தூரம் கணக்கிடுங்கள். குழந்தையோடு நடப்பவருக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் போதும். பிறகு தரவிலிருந்து தரைப்பாலங்களை எல்லாம் அழித்துவிட்டு அதே கணக்கை இரண்டாம் முறை ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடைவெளி பெரிதாக உள்ள ஊர்களே மழைக்கு முன் மருந்தும் உணவும் கொண்டுபோய் வைக்க வேண்டிய ஊர்கள். எங்கள் கணிப்பில், இந்த ஒரு கணக்கு அழகான பத்து வரைபடங்களைவிட உதவும்.

கடுமையான எடைக்குறைவுள்ள குழந்தைகளின் வீடுகளைக் கூகுள் வரைபடத்தில் குறித்து வாட்ஸ்அப் குழுவில் பகிர நினைக்கிறோம். தன்னார்வலர்கள் நேரே போய் உதவலாமே?
— இளைஞர் மன்றம், குறிஞ்சிப்பாடி ஒன்றியம்

வேண்டாம். நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் பெயர் போடாவிட்டாலும் வீட்டுக் கூரைமேல் வைத்த புள்ளியே முகவரிதான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது: 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேரிடரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பட்டியல் இதில் நேரடியாக வரும்.

வீட்டு விவரம் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் மட்டும் இருக்கட்டும். உங்கள் வரைபடத்தில் மையத்துக்கு ஒரு எண் போதும். அது 5-க்குக் கீழே இருந்தால் ‘5-க்கும் குறைவு’ என்று மறையுங்கள். ஒன்றிய மொத்தத்தையும் அச்சிட்டு ஒரே ஒரு மையத்தை மறைத்தால் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதனால் குறைந்தது இரண்டை மறைக்க வேண்டும். கைபேசிப் படங்களுக்குள் இடப்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்குங்கள்.

சிறு எண்களை விழுக்காடாக்கிச் சிவப்படிப்பதும் ஆபத்து. 8 பிள்ளைகள் உள்ள மையத்தில் ஒருவர் மெலிந்திருந்தால் 12.5 விழுக்காடு, வரைபடத்தில் அடர்சிவப்பு. 90 பிள்ளைகளில் 7 பேர் என்றால் 7.8, வெளிர்நிறம். வண்டி முதலில் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. நிறத்துக்குப் பதில் எண்ணிக்கைக்கேற்ற அளவில் வட்டம் போடுங்கள்.

ஊர்ப்பெயர்கள் பொருந்தவே மாட்டேன் என்கின்றன. எழுத்தெல்லாம் ஒன்றுதான், கணினி வேறு என்கிறது.
— வாசகி, நெய்வேலி

‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ‘கெ’யோடு துணைக்கால் சேர்த்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாப் பெயர்களையும் முதலில் என்எஃப்சி எனப்படும் ஒரே சீரான யுனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். வானவில், பாமினி எழுத்துருக்களிலிருந்து வந்த பழைய கோப்புகளை யுனிகோடாக மாற்றிய பிறகே தொடுங்கள். பள்ளிகளின் 11 இலக்கக் குறியீட்டை எக்செல்லில் எண்ணாக அல்ல, உரையாக வைத்திருங்கள்.

இப்படிப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்க என்ன படிக்க வேண்டும்? அங்கே தலைவரின் வேலைதான் என்ன?
— முதுகலை மாணவி, காலாப்பட்டு

பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், தரவுத்தளத்தில் தேடக் கொஞ்சம் எஸ்கியூஎல், நிறைய மாதிரிக்கணக்கெடுப்புப் புள்ளியியல். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கிடைப்பவை. தலைமை வேறிடத்தில் தொடங்குகிறது. வரைபடம் கேட்டு வருபவரிடம், ‘இதைப் பார்த்து யார், எந்த நாளுக்குள், என்ன முடிவெடுக்கப் போகிறார்?’ என்று கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அந்த வேலை வரிசையின் கடைசிக்குப் போகட்டும்.

குழு சிறிதாக இருக்கலாம்: தரவைச் சுத்தம் செய்ய ஒருவர், படங்களைக் கையாள ஒருவர், களத்தோடு தொலைபேசியில் பேச ஒருவர். மூன்றாமவரைத்தான் பலரும் நியமிப்பதில்லை. மூன்று பேரில் ஒருவரையே எடுக்க முடியும் என்றால் அவரை எடுங்கள். எந்தத் தரைப்பாலம் மூழ்கியது என்பதை ஊர்க்காரர் காலையிலேயே சொல்லிவிடுவார், செயற்கைக்கோள் வர நாளாகும்.

மழைக்கு முன்பே எல்லைக்கோடுகள், அங்கன்வாடிகள், பள்ளிகள், சாலைகள் ஆகிய நான்கு அடுக்குகளையும் சரிபார்த்து, இணையம் இல்லாமலும் திறக்கும்படி இரண்டு மடிக்கணினிகளில் வைத்திருங்கள். முதல் வரைபடம் 24 மணி நேரத்துக்குள், குறைகளோடு போகட்டும். அடுத்த நாள் திருத்தியது வரும், ஆனால் முந்தையது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேயிருக்கும், அதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் படம் எடுத்த தேதி, மணி, ‘இதற்குப் பின் பயன்படுத்த வேண்டாம்’ என்ற நேரம் மூன்றையும் கோப்பின் பெயரில் அல்ல, படத்தின் உள்ளேயே, வெட்டியெடுக்க முடியாத இடத்தில் பெரிய எழுத்தில் பதியுங்கள்.