புக்கிட் தீமாவில் டைனோசர் எலும்பு கிடைக்குமா? – தொடக்கநிலை அறிவியல் கேள்வி பதில்

சிங்கப்பூர்ப் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

புக்கிட் தீமா குன்றுக்குப் போகும்போதெல்லாம் என் மகள் பாறைகளில் டைனோசர் எலும்பு தேடுகிறாள். கிடைக்குமா?

அங்கே கிடைக்காது. உருகிய பாறைக்குழம்பு நிலத்தின் ஆழத்தில் மெல்ல ஆறி இறுகிய கருங்கல் அது. இறந்த உயிரினத்தைச் சேறோ மணலோ விரைவில் மூடி, அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையில்தான் புதைபடிவத்தைத் தேட வேண்டும். டைனோசர்தான் வேண்டுமென்றால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நிற்கும் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தோண்டியெடுக்கப்பட்டவை, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமையானவை.

பூசை அறையில் இருக்கும் சாளக்கிராமத்தை என் பேரன் புதைபடிவம் என்கிறான். உண்மைதானா?

உண்மைதான், அம்மா, பூசைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நேப்பாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கற்களில் நாம் சக்கரம் என்று வணங்கும் சுருள், கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடலுயிரின் ஓடு விட்டுச்சென்ற பதிவு. ஓடு பல அறைகளாகப் பிரிந்திருக்கும். கடைசி அறையில் உயிர் வாழ்ந்தது, மற்ற அறைகள் அது மிதக்க உதவின. கடலுயிர் மலைக்கு எப்படி வந்தது என்று பேரனைக் கேளுங்கள். இந்தியாவைச் சுமந்த நிலத்தட்டு வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியபோது, இடையிலிருந்த கடலின் அடித்தளப் பாறைகள் மடிந்து உயர்ந்து இமயமலை ஆயின. எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையிலும் கடலுயிர்களின் எச்சங்கள் உண்டு.

சிங்கப்பூரில் நிலநடுக்கம் இல்லை என்கிறார்கள். எங்கள் பதினைந்தாம் மாடி வீடு ஒருமுறை ஆடியதே?

தட்டுகள் உரசும் எல்லை சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து வரும் மெதுவான நீண்ட அலைகளுக்கு உயரமான கட்டடங்கள் அசைந்துகொடுக்கும்.

"சேற்றில் தாவும் மீன் நிலத்தில் வாழ விரும்பியதால் துடுப்புகளை மாற்றிக்கொண்டது" என்று எழுதினேன். மதிப்பெண் ஏன் குறைந்தது?

விருப்பத்தால் எந்த விலங்கும் உடலை மாற்றிக்கொள்வதில்லை. பிறவியிலேயே சற்று வலுவான துடுப்புடன் பிறந்தவை அதிகம் பிழைத்துக் குஞ்சு பொரித்தன. பல தலைமுறைகளில் அப்பண்பு பரவியது. தேர்வில் உறுப்பு, அதன் வேலை, அதனால் பிழைக்கும் வழி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுது. நீர் வற்றும் நேரத்தில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தால் எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும்: அந்த மீன் முன்துடுப்புகளை ஊன்றி நகரும், ஈரத்தோல் வழியாகவும் சுவாசிப்பதால் அடிக்கடி சேற்றில் புரளும், தலையுச்சியில் துருத்திய கண்களைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும்.

மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது மேல்நோக்கிய விசை உண்டா?

இல்லை. கை தந்த தள்ளுவிசை பந்து கையை விட்ட கணமே முடிந்துவிடுகிறது. தொடர்ந்து மேலேறுவது முன்பே பெற்ற வேகத்தால். படத்தில் அம்புக்குறி போடும் முன் பந்தை இப்போது எது தொடுகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. தொடாமலே இழுக்கும் ஈர்ப்பு விசைக்கு மட்டும், உச்சியிலும்கூட, கீழ்நோக்கி ஓர் அம்பு வரைந்தால் போதும்.