அக்கா கையெழுத்துப் போடுவார் என்று முடிவு செய்தது யார்?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் வசிக்கிறேன். வயது 27. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்றரை ஆண்டாக இன்ஜினியர். சம்பளம் மாதம் 4,500 வெள்ளி (ரிங்கிட்). வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூரில் ஓராண்டு முழுநேர எம்.பி.ஏ. படிக்கலாம் என்றிருக்கிறேன். கட்டணம் 48,000 வெள்ளி. கையில் 15,000 இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன்; அக்கா ஜாமீன் போடுவார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர் அவர். அடுத்த ஆண்டு வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடித்ததும் கன்சல்டிங் அல்லது நிதித் துறைக்கு மாற ஆசை. ஓராண்டுப் படிப்புக்கு மதிப்பு உண்டா? எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?
— பிறை வாசகர்

பதில்:

பல்கலைக்கழகம் இருக்கட்டும் தம்பி. "அக்கா ஜாமீன் போடுவார், அவரிடம் இன்னும் சொல்லவில்லை." இந்த ஒரு வரியை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா? மேற்படிப்பு பற்றி வரும் கடிதங்களில் இப்படி ஓர் அக்காவோ, பென்ஷன் வாங்கும் அப்பாவோ அடிக்கடி வருகிறார்கள். கடன் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்கும். முடிவெடுத்த பேச்சில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். கட்டணத்தை வெள்ளிக் கணக்கில் எழுதத் தெரிந்த உங்களுக்கு, அக்காவின் சம்மதத்தைக் கேட்காமலே வரவில் எழுதிவிடவும் தோன்றியிருக்கிறது. இது தவறு.

ஜாமீன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தவணை கட்டாவிட்டால் வங்கி அக்காவிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், அதை வைத்து அவருடைய சேமிப்பிலும் சொத்திலும் கை வைக்கலாம். சட்டம் ஓர் இடத்தில் அவருக்குத் துணை நிற்கிறது. 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி, லாப நோக்கமில்லாமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைத் திவாலானவராக அறிவிக்க வங்கி வழக்குத் தொடர முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கல்விக்காக வாங்கிய கடனுக்குத்தான். சாதாரண பெர்சனல் லோன் பாரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பணத்தைக் கட்டணத்துக்குக் கட்டினேன் என்று பிறகு நிரூபிப்பது அக்காவின் வேலையாகிவிடும். கடன் எதற்காக என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதை வழக்கறிஞர் ஒருவர் படித்துச் சொல்லாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

அடுத்தது அவருடைய வீடு. முதல் வீட்டுக்குப் பொதுவாக வங்கி 90 விழுக்காடு வரை தரும். மீதி 10 விழுக்காடும், வழக்கறிஞர் கட்டணமும், முத்திரை வரியும் கையிலிருந்து போக வேண்டும். அந்தப் பணத்தைத்தான் அவர் இத்தனை வருடமாகச் சேர்த்துக்கொண்டிருப்பார். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வேறென்ன கடப்பாடு இருக்கிறது என்று வங்கி கேட்கும். தம்பிக்கு ஜாமீன் நிற்கிறேன் என்று அவர் சொல்லியாக வேண்டும். அதை எப்படி எடைபோடுவது என்பது அந்த வங்கியின் விருப்பம். உங்கள் படிப்புக்காக ஒருமுறை தன் படிப்பை விட்டவர், இப்போது வீட்டையும் தள்ளிப்போட வேண்டுமா?

இனி உங்கள் கணக்கு. 48,000-இல் 15,000 போக 33,000 கடன் என்று முடித்துவிட்டீர்கள். கோலாலம்பூரில் எங்கே தூங்குவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள்? அறை வாடகை, சாப்பாடு, எல்.ஆர்.டி., இணையம் என்று மிகச் சிக்கனமாக மாதம் 1,500 வெள்ளி வைத்தாலும் ஆண்டுக்கு 18,000. ஆக, தேவைப்படும் கடன் 51,000. படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும். முதல் தவணை எந்த மாதம் விழுகிறது என்று கேட்டீர்களா? சம்பளம் இல்லாத மாதத்தில் விழுந்தால் கட்டப்போவது அக்காதான். வீட்டுச் செலவுக்கு நீங்கள் மாதம் என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அது நின்றாலும் அவர் தலையில்தான் விழும்.

இழக்கும் சம்பளத்தையும் சேருங்கள். 12 மாதத்துக்கு 54,000. ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.-க்கு முதலாளி போடுவது 13 விழுக்காடு, அதாவது மாதம் 585 வெள்ளி, ஆண்டுக்கு 7,020. கட்டணம், கோலாலம்பூர்ச் செலவு எல்லாம் கூட்டினால் 127,020 வெள்ளி. எம்.பி.ஏ. முடித்துச் சம்பளம் மாதம் 1,500 கூடியது என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் தொகை திரும்பி வர 85 மாதம், ஏழு ஆண்டுக்கு மேல். இதில் கடன் வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

ஓராண்டுப் படிப்புக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் யாருக்கு என்பதில்தான் விஷயம். இருக்கும் துறையிலேயே மேலே போகிறவருக்கும், நிறுவனம் அனுப்பிவைத்து வேலையைக் காத்து வைத்திருக்கிறவருக்கும் அது மிக நல்ல படிப்பு. துறை மாற நினைப்பவருக்கு அதுவே இடிக்கும். இரண்டாண்டுப் படிப்பில் நடுவே வரும் நீண்ட விடுமுறையில் மாணவர் புதிய துறையில் இன்டர்ன்ஷிப் செய்வார். அந்த நிறுவனம் ஆளைப் பார்த்துவிடும், பல நேரம் வேலையும் அங்கேயே கிடைக்கும். 14 வாரப் பருவங்கள் மூன்றை 12 மாதத்துக்குள் அடைத்தால் அதற்கு இடமே இல்லை. கணக்கியலின் அரிச்சுவடி படிக்கும் முதல் பருவத்திலேயே வேலைக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்போது உங்கள் சுயவிவரத்தில் இருப்பது இன்றைக்கு இருக்கும் அதே மூன்றரை ஆண்டுத் தொழிற்சாலை அனுபவம்தான்.

நேரத்தையும் பாருங்கள். இந்நாட்டில் பாடவழி முதுகலைப் பட்டத்துக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். 30 கிரெடிட் என்றால் அது முதுகலை டிப்ளோமா. வகுப்பு, வாசிப்பு, ஒப்படைப்பு எல்லாம் சேர்த்து 1 கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. உங்கள் படிப்பு 42 கிரெடிட் என்று வைத்தால் 1,680 மணி நேரம், வாரத்துக்கு 32. இதை 45 மணி நேர வேலையோடு ஓராண்டில் முடிக்கலாம் என்று எந்த முகவராவது சொன்னால் நம்பாதீர்கள். அதையே இரண்டாண்டில் விரித்தால் வாரம் 16 மணி நேரம். இரண்டு மாலை வகுப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். கஷ்டம்தான், ஆனால் உங்கள் வயதில் செய்ய முடிந்த கஷ்டம்.

அதனால் என் பதில் இது: வேலையை விடாதீர்கள், பினாங்கிலேயே பகுதிநேரமாகப் படியுங்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வணிக முதுகலைப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அதன் மிண்டன் வளாகம் பினாங்குப் பாலத்துக்குப் பக்கம். பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வரும் வழி அது. வகுப்பு முடிந்து நீங்கள் பாலம் ஏறும்போது மாலை நெரிசலும் குறைந்திருக்கும். ஷிப்ட் வேலையென்றால் மட்டும் முதலில் மேலாளரிடம் பேசிப் பகல் நேரத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் குழு ஒப்படைப்புகளில் மாட்டிக்கொள்வீர்கள். கன்சல்டிங் ஆசையை விடச் சொல்லவில்லை. உங்கள் தொழிற்சாலையிலேயே கொள்முதல், விநியோகச் சங்கிலி, உற்பத்திச் செலவுக் கணக்கு என்று வணிகத்தைத் தொடும் பிரிவுகள் இருக்கும். படிக்கும்போதே அதில் ஒன்றுக்கு மாற்றல் கேளுங்கள். அங்கே இரண்டாண்டு இருந்தவருக்கு, படித்த பட்டத்தோடு சொல்லிக்கொள்ள ஒரு வேலையும் இருக்கும்.

பணத்துக்கு முதலில் போகவேண்டிய இடம் அக்கா அல்ல. இ.பி.எஃப்.-இல் உங்கள் செஜாத்ரா கணக்கைத் திறந்து பாருங்கள். சொந்தப் படிப்புக்கு அதிலிருந்து எடுக்க அனுமதி உண்டு; சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து புதிதாக வரும் சந்தாவில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகிறது என்பதால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். மனிதவளப் பிரிவில் படிப்பு உதவி உண்டா, அதற்கு எத்தனை ஆண்டு வேலையில் கட்டுப்பட்டு இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முதுகலைப் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது மிச்சப்படுத்துவது 400 வெள்ளிக்குள்தான். வேலையை விட்டால் கழிப்பதற்கு வருமானமே இருக்காது. பகுதிநேரத்தில் கட்டணம் பருவத்துக்குப் பருவம் விழும் என்பதால் 15,000 சேமிப்பும் மாதச் சம்பளமும் பெரும்பகுதியைத் தாங்கும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்குப் பட்டியல் தரமாட்டேன். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் வணிகப் பள்ளியோடு சேர்ந்து தொடங்கிய ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் இருக்கிறது. பெயரைவிட நீங்கள் பார்க்கவேண்டியது, மலேசியத் தகுதிகள் நிறுவனமான எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்பது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயரும், முழுநேரமா பகுதிநேரமா என்ற விவரமும் இருக்க வேண்டும். குறியீட்டில் பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்.ஏ. என்றால் முழு அங்கீகாரம். வகுப்பில் இருப்பவர்களின் சராசரி வேலை அனுபவம் என்ன என்று கேளுங்கள். எம்.பி.ஏ. படிப்புகளை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான ஆம்பாவின் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஏ.-வில் சேரக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் தேவை. டிகிரி முடித்த கையோடு வந்தவர்கள் நிறைந்த வகுப்பில் உங்களுக்குக் கிடைப்பது குறைவு, கொடுப்பதுதான் அதிகம்.

கட்டணத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கடைசி ஆய்வுத்திட்டம் குறித்த காலத்தில் முடியாவிட்டால் மறுபதிவுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுப் படிப்பு ஒன்றரை ஆண்டாக இழுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆய்வுக்கு நிறுவனம் தரவு தருகிறேன் என்று வாயால் சொல்லும், கடைசியில் சட்டப் பிரிவு மறுத்துவிடும். தலைப்பு முடிவான வாரத்திலேயே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள்.

இன்ஜினியர்களுக்குப் புள்ளியியல் வந்துவிடும், கணக்கியலில்தான் தடுக்கும். சேரும் முன் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலான ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, லாபம் காட்டிய ஆண்டில் கையிருப்புப் பணம் ஏன் குறைந்தது என்று நீங்களே விளக்கும்வரை படியுங்கள். நிதிப் பாடத்தில் பலர் விழும் குழி ஒன்று: வருங்காலப் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் எக்ஸெலின் என்.பி.வி. சூத்திரம் நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றே போடும் முதலீட்டை அதற்குள் போடாமல் வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன 127,020 வெள்ளிக் கணக்கையே முதல் பயிற்சியாகப் போட்டுப் பாருங்கள். அதில் அக்கா கொடுத்ததற்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். உங்கள் டிகிரிக்கு அவர் எந்த ஆண்டில் எவ்வளவு கட்டினார் என்று உங்களால் எழுத முடிகிறதா? முடியாவிட்டால் அவரிடமே கேட்டு எழுதுங்கள். திருப்பிக் கேட்காதவரிடம் வாங்கினாலும் கடன் கடன்தான். புதிய கடனுக்கு அவரை இழுப்பதற்கு முன் பழையதைத் தீர்க்கும் வழியைப் பாருங்கள்; அவருடைய வீட்டு முன்பணத்துக்கு உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு தொகை போவது நல்ல தொடக்கம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அவருக்குப் படிக்க ஆசை இருந்ததா? எஸ்.பி.எம்.-மோடு நின்று வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு, அந்த அனுபவத்தையே தகுதியாக மதிப்பிடும் ஏபெல் என்ற வழி இருக்கிறது. 21 வயது நிரம்பி, துறை சார்ந்த அனுபவம் இருந்தால், எம்.கியூ.ஏ. மதிப்பீட்டில் தேறி டிகிரிக்கே விண்ணப்பிக்கலாம். வீட்டில் மேற்படிப்பு என்ற பேச்சு எழும்போது உங்கள் பெயர் மட்டும் வருவது நியாயமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தாளோடு அக்கா முன்னால் உட்காருங்கள். ஜாமீன் பாரத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பகுதிநேரத் திட்டத்தைச் சொல்லுங்கள், எவ்வளவு குறைகிறது என்று காட்டுங்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று முழுக்கக் கேளுங்கள். பிறகும் சிறு கடன் தேவைப்பட்டு, அவர் ஜாமீனுக்கு வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்காதீர்கள். அம்மாவை விட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். அடுத்த பருவச் சேர்க்கை வரை காத்திருந்து, அந்தத் தொகையையும் சேர்த்துக்கொண்டு சேருங்கள்.